இரண்டு ஆள் கிடைக்கும் வரை

எனக்குப் பைத்தியம் பிடித்ததா இல்லையா என்று தோட்டத்து லயத்து வீடுகளில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிடித்தது. பன்னிரண்டு நாள் பிடித்தது. அந்தப் பன்னிரண்டு நாளுக்காக என்னைப் பூட்டி வைத்திருந்தது பதினொரு மாதம். மிச்ச நாளெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் ஊரையும் பேரையும் எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு என்னால் கரைச்சல் வரவேண்டாம்.

தெஹியோவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்னாருக்கு இந்த மலை என்று பால்வெட்டுப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அதற்குத்தான் பெரட்டு என்று பேர். முழு வேலை செய்தவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழும். பிந்தி வந்தால் அரைப் பேர். யாராவது லீவு கேட்டால் நான் பதிலாள் கேட்பேன். அக்காளோ மச்சானோ யாரோ ஒருத்தர் அந்த இடத்தில் நின்று மரத்தை வெட்டவேண்டும். வரிசையில் ஆள் குறையக்கூடாது, அவ்வளவுதான் என் சட்டம். என் பெண்சாதி செல்லம்மாவின் தம்பி முத்துக்கருப்பன் ஒருமுறை ஓப்பநாயக்கவில் சிநேகிதன் கலியாணத்துக்குப் போக லீவு கேட்டான். அவனிடமும் பதிலாள்தான் கேட்டேன். ஆள் கிடைக்காமல் அவன் கலியாணத்துக்குப் போகவில்லை. ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் பால் வெட்டினான்.

அந்த வருஷம் மழை பொய்த்து ஆறு குட்டை குட்டையாகத் தேங்கியது. லயத்துக்கு லயம் மலேரியா. எனக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் குளிர் வந்து பல் கிட்டும், பிறகு காய்ச்சல் கொதிக்கும். தோட்டத்து டிஸ்பென்சர் மலேரியாவுக்கான கொயினா கொடுத்தார். காதுக்குள் வண்டு குடைந்ததே தவிரக் காய்ச்சல் முழுதாக விடவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது தூக்கம் போய்விட்டது. தூக்கம் போனதும் எனக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவு கலங்கினவனுக்குக் கலக்கம் தெரியாது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் எல்லாம் விளங்குகிறது என்று தோன்றும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் செக்ரோலை, பேர் பதிகிற புத்தகத்தை, அக்குளில் இடுக்கிக்கொண்டு துரை பங்களாவுக்குப் போனேன். துரை அப்போதுதான் சாப்பிட்டு எழுந்து வெளியே வந்தார். "ஏன் இவ்வளவு நேரம்? போய் வரிசையில நில்லும்" என்றேன். அவர் சிரித்தார். அவர் தோளைப் பிடித்துப் பூச்சட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, புத்தகத்தைத் திறந்து, "பிந்தி வந்ததுக்கு உமக்கு இன்னைக்கு அரைப் பேர்" என்று எழுதினேன். எழுத்து அழகாகவே விழுந்திருந்ததாகப் பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். பங்களாச் சமையல்காரன் கத்த, தோட்டக்காரன் ஓடி வர, என்னைக் கட்டிப்போட்டுப் பொலிசுக்கு ஆள் அனுப்பினார்கள்.

தோட்டத்தில் யார் தோளைப் பிடித்திருந்தாலும் எலுமிச்சம்பழம் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் படுக்க வைத்திருப்பார்கள். துரை தோள் என்பதால் கோர்ட்டுக்குப் போனது. நீதவான் என் பேரைக் கேட்டார். நீ எந்தக் கங்காணி ஆள் என்று நான் அவரைக் கேட்டேனாம். அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமிருக்கவில்லை. இரண்டு டாக்டர்மார் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தில் 'அபாயமானவர்' என்று ஒரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லால் என்னைச் சாதாரண வார்டில் போடாமல், சுற்று மதிலும் இரட்டைக் கதவும் உள்ள பூட்டு வார்டில் போட்டார்கள்.

முதல் நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். பரல்டிஹைட் என்று ஒரு மருந்து. தூங்க வைக்கிற தண்ணீர் மருந்து. குடித்தால் மறுநாள் வரை மூச்சில், வேர்வையில், உடுப்பில் எல்லாம் அதே நாற்றம். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் கொண்டுபோனார்கள். வயிற்றின் இடது பக்கம் அழுத்திப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். மலேரியாக்காரருக்கு அது வீங்கும். அதன்பிறகு கொயினாவை அளவாக, விடாமல் கொடுத்தார்கள். ஒரு காலையில் கண் விழித்தபோது வெளியே காகம் கத்தியது. அது எனக்கு ஒரு சேதியும் சொல்லவில்லை. வெறும் காகமாகக் கத்தியது. அப்படியே கிடந்து அழுதேன்.

அந்த வாரம் வந்த சின்ன டாக்டர் என்னோடு சிங்களத்தில் பேசினார். எனக்கு வந்தது பைத்தியத்தில் சேர்த்தி இல்லை, டிலீரியம் என்றார். காய்ச்சல் மூளைக்கு ஏறி அறிவு தடுமாறுவது. காய்ச்சல் இறங்கினால் அதுவும் இறங்கிவிடும்.

"இறங்கிடுச்சுங்களே. நான் வீட்டுக்குப் போகலாமா?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். கோர்ட்டு அனுப்பின ஆளை அவர் ஒருத்தராக விட முடியாது. மாதக் கடைசி வியாழக்கிழமை முன்கட்டடத்தில் மூன்று பெரிய டாக்டர்மார் உட்காருவார்கள். அதற்கு போர்ட் என்று பேர். அவர்கள் பார்த்துக் கையெழுத்து வைத்தால் அன்றைக்கே போகலாம். அடுத்த போர்டுக்கு உன் பேரைப் போட்டுவிடுகிறேன் என்றார். போட்டும்விட்டார். சொன்னதைச் செய்த மனுசன், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சட்டம் என்னவென்று வார்டைப் பார்க்கிற ஓவசியர் சொல்லித்தான் தெரிந்தது. பூட்டு வார்டிலிருந்து முன்கட்டடத்துக்குப் போகிற நோயாளிக்கு இரண்டு பக்கமும் இரண்டு அட்டெண்டன் வரவேண்டும். ஒருத்தர் போதாது. எங்கள் வார்டில் ஐம்பத்தெட்டு நோயாளிகள். கடதாசிப்படி ஒரு முறைக்கு ஆறு அட்டெண்டன். நான் இருந்த காலத்தில் மூன்று பேருக்கு மேல் கண்டதில்லை. ஒருத்தர் வெளிக்கதவில். ஒருத்தர் சாப்பாட்டுக்கும் குளிப்பாட்டவும். இன்னொருத்தர் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார், அவர் எழும்பக்கூடாது. முற்றத்துக்கு விடச் சொன்னால், நகம் வெட்டச் சொன்னால், தண்ணீர் கேட்டால், எதற்கும் ஒரே பதில்தான். "மினிஸ்ஸு நே." ஆள் இல்லை.

ஓவசியர் கெட்டவர் இல்லை. வயிற்றுவலிக்காரர். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே மறு கையால் புத்தகம் எழுதுவார். நாளைக்கு மூன்று தடவை எங்களை எண்ணிப் புத்தகத்தில் போடவேண்டும். கணக்கு நேராக வரும் வரை சாப்பாட்டுக் கதவு திறக்காது. அவர்கள் எண்ணினால் ஒருமுறை ஐம்பத்தேழு வரும், மறுமுறை அறுபது. அங்கே நிற்கிறவன் இங்கே வருவான், இங்கே எண்ணினவன் அங்கே போவான். தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு முடியவில்லை. பத்து வருஷம் பெரட்டுப் பிடித்தவன் எத்தனை நாளைக்குத்தான் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது?

"நான் நிறுத்தித் தரட்டுமா?" என்றேன்.

தெற்குச் சுவரோரம் இருபது, வடக்குச் சுவரோரம் இருபது, நடுவில் மிச்சம். குட்டையானவர்கள் முன்னால். நெட்டுக்குத்தாக நிற்க முடியாதவர்களை உட்கார வைத்தேன். ஒவ்வொருத்தர் பேராகக் கூப்பிட்டேன். பேர் கூப்பிட்டால் மனுசன் நிமிர்கிறான். யாரும் வருஷக்கணக்காக அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் ஐம்பத்தெட்டும் நேராக வந்தது. ஓவசியர் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கணக்கப்புள்ளே, நாளைக்கும் நீதான்" என்றார். நான் செய்த முட்டாள்தனத்தில் பெரியது அது. துரைக்கு அரைப் பேர் போட்டதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

எண்ணுவதில் தொடங்கினது, சோறு அள்ளுவதில், குளிக்க வரிசை பிடிப்பதில், தமிழ் ஆட்கள் சொல்வதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்வதில் வந்து நின்றது. சாவி ஒன்றைத் தவிர எல்லா வேலையும் என் தலையில்.

தமிழ் ஆட்கள் நாங்கள் பதினொரு பேர். அதில் ஒருத்தர் மருதை. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். எப்போதோ பிள்ளை செத்த துக்கத்தில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். யார் மேலும் படவில்லை. ஐந்து வருஷமாக உள்ளே. நான் பார்த்த நாளிலிருந்து அவர் பேச்சில் ஒரு பிசகும் கிடையாது. வாய் மட்டும் ஓயாது. கவ்வாத்து, மழை, தங்கச்சி, தங்கச்சி வளர்த்த பசுமாடு, எல்லாம் பேசுவார். தினமும் முடிவில் ஒன்று கேட்பார். "ஐயா, என் தங்கச்சிக்கு ஒரு தாள் போட்டு விடுங்களேன்."

எழுதினேன். ஓவசியரிடம் கொடுத்தேன். வெளியே போகிற கடிதத்தை முதலில் வாசித்துப் பார்க்கவேண்டும், தமிழ் வாசிக்க ஆள் இல்லை என்று மேசைக்குள் போட்டார். போட்டது போட்டபடி கிடந்தது. மருதையின் பேரையும் போர்டுக்கு அனுப்பச் சொன்னேன். ஓவசியர் புத்தகத்தைப் புரட்டினார்.

"அவனையா? அவன் ஊமை. இதில் எழுதியிருக்கு. போர்டில் கேட்டால் பதில் சொல்லவேண்டும். ஊமையை எப்படி அனுப்புவது?"

எனக்குப் பின்னால் மருதை யாரிடமோ பசுமாட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தா பேசுறாரே" என்றேன்.

ஓவசியர் காதைக் கொடுத்துக் கேட்டார். "அது தெமள, தமிழ். எழுதினவருக்குத் தெமள தெரியாது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

என் கதைக்கு வருகிறேன். முதல் வியாழக்கிழமை தலை வாரி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு காலையிலிருந்தே கதவருகில் நின்றேன். அட்டெண்டன் ஒருத்தருக்குக் காய்ச்சல். ஆள் இல்லை. அடுத்த மாதம் ஒரு நோயாளி கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டான், இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் இல்லை. அதற்கடுத்த மாதம் சிங்கள வருஷப் பிறப்பு, பாதிப் பேர் ஊரில். நான்காம் மாதம் அதிசயமாக இரண்டு பேர் வந்து நின்றார்கள். வெளிக்கதவு வரை போய்விட்டோம். ஓவசியர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"இவர்கள் ரெண்டு பேரும் உன்கூட வந்தால் மத்தியானம் இங்கே எண்ணுவது யார்?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பழக்கம்.

"அப்போ நீ இங்கே இருக்கவேண்டுமே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னார். அவர் தலையாட்டியதைப் பார்த்து எனக்குக் கண் இருட்டியது. கதவைக் காலால் உதைத்தேன். கையால் குத்தினேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை இரண்டு பாஷையிலும் சொன்னேன். ஒருநாள் முழுக்கத் தனி அறையில் பூட்டி அந்த நாற்ற மருந்தைக் குடிக்க வைத்தார்கள். புத்தகத்தில் 'மறுபடி ஆவேசம்' என்று எழுதியாயிற்று. புத்தகத்தில் ஆவேசம் ஏறினால் மூன்று மாதத்துக்கு போர்ட் பார்க்காது.

நானும் ஒரு வீம்பு பிடித்தேன். இனி எண்ண மாட்டேன், எப்படியோ போங்கள் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். ஒரு வாரம். அந்த வாரம் ஐம்பத்தெட்டு ஒருநாளும் நேராக வரவில்லை. காலைச் சாப்பாடு மத்தியானமாயிற்று. எழும்ப முடியாத கிழவன் ஒருத்தன் ஈரத்திலேயே கிடந்தான். மருதை வந்து என் காலடியில் குந்தினார்.

"நீங்க கோவிச்சுக்கிட்டா அவங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா. நாங்கதான் காயுறோம். எந்திரிச்சு வாங்க."

எழுந்து போனேன். வேறு என்ன செய்ய?

இதற்கிடையில் செல்லம்மா பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். தெஹியோவிட்டையில் கொட்டைப்பாக்கு வாங்கி விற்கிற உதுமான் நானா தன் லொறியில் அவளை ஏற்றி வந்து விடுவார். சத்தம், அதாவது வண்டிக்கூலி, வாங்கமாட்டார். "தங்கச்சிக்கிட்ட என்னத்த வாங்குறது" என்று அவளை முன்னால் உட்கார வைத்துக் கூட்டி வருவார். முதல் தடவை அவள் காலையிலிருந்து பின்னேரம் வரை வாசலில் நின்றாள். பார்க்க வந்தவர் பக்கத்தில் ஒரு அட்டெண்டன் நிற்கவேண்டும். ஆள் இல்லை. கொண்டுவந்த ரொட்டியை வாசல்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அது என் கைக்கு வரும்போது ஒவ்வொரு ரொட்டியையும் பிய்த்துப் பார்த்திருந்தார்கள், உள்ளே கத்தி இருக்குமோ என்று. ஒரே கட்டடத்தில் அவள் வாசலிலும் நான் உள்ளேயும் இருந்து பார்க்காமல் போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

இரண்டாம் தடவை கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாகக் கொஞ்ச நேரம் கிடைத்தது.

"ஏங்க, நல்லாத்தானே பேசுறீங்க? பொறகு ஏன் விடமாட்டேங்குறாங்க?"

"கூட்டிட்டுப் போக ரெண்டு ஆள் வேணும் செல்லம்மா. ஆள் இல்ல."

"ஆளா?" என்றாள். அவள் முகத்தில் என்னவோ ஓடியது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

ஒன்பதாம் மாதம் அவள் வந்தபோது கூடவே அவள் தம்பி முத்துக்கருப்பனும் வந்தான். பெட்டியும் பாயுமாக வந்தான். தோட்டத்தில் பத்துச்சீட்டு வாங்கிவிட்டான், அதாவது பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். இனி குடியிருந்த அந்த லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, அவனுக்கு இல்லை. கம்பிவலைக்குப் பக்கத்தில் ஓவசியரைக் கூப்பிடச் சொல்லி, நல்ல சிங்களத்தில் மரியாதையாகத் தொடங்கினான். மச்சானுடைய இடத்தில் நான் நிற்கிறேன், உங்கள் கணக்கில் ஆள் குறையாது, அவரை விட்டுவிடுங்கள் என்றான்.

ஓவசியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கம்பிக்குப் பின்னால் வெட்கத்தில் கூனிப்போனேன். "மடையா, இது தோட்டமாடா?" என்று கத்தினேன்.

"நீங்கதானே மச்சான் எப்பவும் சொல்வீங்க? பதிலாள் வெச்சா லீவுன்னு. எந்த ஊர்லயும் அதுதானே சட்டம்?"

அவனுக்குக் கோபமோ குத்தலோ இல்லை. முழு மனதாக நம்பினான். நான் பத்து வருஷமாகப் போட்ட சட்டத்தை உலகத்துச் சட்டம் என்று நினைத்திருந்தான்.

ஓவசியர் சிரிப்பை நிறுத்தினார். பையனை மேலும் கீழும் பார்த்தார். பால் வெட்டி உரமேறின கை. சிங்களமும் தமிழும் பேசுகிறான். குடிப்பாயா என்று கேட்டார், இல்லை என்றான். நோயாளிக்குப் பதில் நோயாளியை அவர்கள் எங்கே எடுக்கப்போகிறார்கள்? ஆனால் அட்டெண்டன் வேலைக்கு அந்த ஊரில் யாரும் வருவதில்லை. வந்தவர்கள் ஒரு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். "கந்தோருக்கு வா" என்று ஆபீஸ் பக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து முத்துக்கருப்பன் காக்கி உடுப்பில் எங்கள் வார்டுக்குள் வந்தான். கால்சட்டை முழங்காலுக்கு மேலே நின்றது. என்னைக் கண்டதும் கண் கலங்கினான். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு சாவிக்காரரிடம் போய் நின்றான். எங்கள் இருவருக்கும் சொந்தம் என்பது ஓவசியருக்குத் தெரியும். அவர் தெரியாத மாதிரி இருந்துகொண்டார். அவருக்கு ஒரு ஆள் கிடைத்தது.

ஒரு மாதம் நான் அவனுக்குப் பெரட்டுப் பழக்கினேன். யாரை எந்தச் சுவரோரம் நிறுத்துவது, யார் தொட்டால் பயப்படுவான், யாருக்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்கவேண்டும், எல்லாம். எண்ணத் தெரிந்த ஒருத்தன் வார்டுக்கு வந்ததும் நான் அவசியமில்லாத ஆளாகிவிட்டேன். பதினோராம் மாதத்து வியாழக்கிழமை என்னை முன்கட்டடத்துக்குக் கூட்டிப்போக இரண்டு பேர் வந்தார்கள். வலது பக்கம் ஒரு கிழ அட்டெண்டன். இடது பக்கம் என் மச்சினன்.

புறப்படும்போது மருதை கிட்டே வந்தார். "ஐயா, அங்க பெரிய டாக்டருங்க இருப்பாங்கள்ல? எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ஊமை இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்."

"சொல்றேன்" என்றேன். உறுதியாகச் சொன்னேன்.

வழியில் முத்துக்கருப்பன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "மெதுவா நடங்க மச்சான். ஓடினா எழுதிப் போட்டுருவாங்க."

போர்டில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் கடதாசிக் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை? வியாழன். எந்தத் தோட்டம்? சொன்னேன். துரையை ஏன் அடித்தாய்? "அடிக்கலை சார், வரிசையில நிறுத்தினேன்" என்று பாதி சொல்லி நிறுத்திக்கொண்டேன். காய்ச்சலில் செய்தேன், தப்பு என்றேன். இப்போது துரைக்கு என்ன பேர் போடுவாய் என்று ஒருத்தர் கேட்டார். "முழுப் பேர் சார்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நடுவில் இருந்தவர் பேனாவை மையில் தொட்டார்.

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பேனாவைப் பார்த்தேன். இன்னொருத்தர் விஷயத்தைப் பேசினால் அதிகம் பேசுகிறான், இன்னும் தெளியவில்லை என்று எழுதிவிட்டால்? திரும்பவும் ஒரு மாதம், திரும்பவும் இரண்டு ஆள். முத்துக்கருப்பன் கால் விரலால் என் காலை அழுத்தினான். வேண்டாம் என்று அழுத்தினானா, பேசு என்று அழுத்தினானா, இன்று வரை நான் அவனைக் கேட்கவில்லை.

"ஒன்றுமில்லை சார்" என்றேன். கையெழுத்து விழுந்தது.

கடதாசியில் அன்றைய திகதி போட்டு, 'இன்று குணமடைந்துள்ளார்' என்று எழுதியிருந்தது. நான் குணமடைந்து பத்து மாதம். அன்றைக்கு ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

உடுப்பை எடுக்க வார்டுக்குத் திரும்பினேன். மருதை சோற்றுப் பீங்கான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. பீங்கானைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு மச்சான் வந்தாரு. எனக்குப் பதிலா யாருங்க ஐயா வருவாங்க?"

வெளியே போனதும் எழுதுகிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

வந்தவுடன் எழுதினேன். ஓப்பநாயக்கவில் அவர் தங்கச்சிக்கு எழுதினது, அப்படி ஒருத்தி இப்போது அந்தத் தோட்டத்தில் இல்லை என்று திரும்பி வந்தது. முத்துக்கருப்பன் உள்ளே இருக்கிறானே, அவன் சொல்லட்டும் என்று நினைத்தேன். வேறு வார்டில் ஆள் குறைந்ததால் நான் வந்த மறுவாரமே அவனை அங்கே மாற்றிவிட்டார்கள். பிறகு பெக்டரி கிளார்க்கைப் பிடித்து, ஆஸ்பத்திரிப் பெரியவருக்கே இங்கிலீஷில் எழுத வைத்தேன். இந்தப் பேர் உள்ளவர் நன்றாகப் பேசுவார், தெளிவாக இருக்கிறார், என்னிடம் இன்ன வார்த்தை சொன்னார், தமிழ் தெரிந்த ஒருத்தரை வைத்து விசாரியுங்கள் என்று விவரமாகப் போட்டேன்.

போன வாரம் பதில் வந்தது. கிளார்க் வாசித்துச் சொன்னார். மேற்படி நோயாளி பேச முடியாதவர் என்று பதிவேட்டில் உள்ளது, ஆகையால் தாங்கள் எழுதிய வார்த்தைகளை அவர் சொல்லியிருக்க இயலாது. அவ்வளவுதான் கடிதம். கிளார்க் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று டாக்டர்மார் முன்னால் நின்று, வாய் திறந்து கேட்டபோது, பேசாமல் வந்தவன் நான். மருதை அங்கே இப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பார்.